செவுத்தம்மாவுக்கு மஞ்சள் ஆகாது

நான் கட்டிய சுவரை ஜனங்கள் கும்பிட்டுக் கும்பிட்டே சாகடித்தார்கள். அவர்கள் மேல் பழி போடுவதாக நினைக்க வேண்டாம். அந்தச் சுவரை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாற்பத்திரண்டு பக்கத்துக்குக் கையேடு எழுதியவள் நான். ஆணி அடிக்காதே, பெயிண்ட் பூசாதே, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றாதே என்றெல்லாம் எழுதினேன். நன்றி சொல்லாதே என்று எழுத மட்டும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் மனுஷியே இல்லை.

என் பெயர் சுபாஷினி. கட்டடக் கலைஞர், வயது ஐம்பத்தேழு, வாய் கொஞ்சம் நீளம். இது 2058-ஆம் வருஷக் கோடையில் நடந்தது.

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களைக் கடல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே இருந்தவர்களைத் தகரக் கொட்டகை முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆறு மாதம் என்றது ஆறு வருஷம் ஆனது. கத்திரி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. பகலில் கரண்ட் கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் முகாமிலிருந்து பாடை கிளம்பியது. கடைசியில் செங்குன்றம் தாண்டி மேட்டு நிலத்தில் நெய்தல் நகர் என்று ஒரு குடியிருப்பு வந்தது. கடலே கண்ணில் படாத இடத்துக்கு நெய்தல் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. நான்கு மாடி, ஆறு பிளாக், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் மேற்குச் சுவர் உயிருள்ள சுவர். அதுதான் என் வேலை.

முதல் கோடையில் நெய்தல் நகரில் வெயிலுக்கு ஒருவர்கூடச் சாகவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மே மாதத்தில் பொன்னாடை போர்த்துகிறவர்களை என்ன சொல்வது? இரண்டாவது கோடை தொடங்கும்போது மறுகுடியமர்வு ஆணையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் துணை இயக்குநர் கோகுலகிருஷ்ணன். நல்ல மனிதர்தான். ஃபைலுக்கு வெளியிலும் உலகம் இருக்கிறது என்று யாராவது அவருக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“மேடம், சி பிளாக்ல உங்க சுவர் கருப்பாகுது. இருபது வீட்டுக்கு மேல. பதினாலு நாள்ல காரணம் சொல்லணும். இல்லன்னா எல்லா வீட்லயும் சுரண்டி எடுத்துட்டு சிமென்ட் பூசச் சொல்லிட்டாங்க.”

“சிமென்ட் பூசினா உள்ள இருக்கறவங்க என்ன ஆவாங்க?”

“ஜன்னல் இருக்கே மேடம்.”

போனை வைத்துவிட்டு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரய்யானை அழைத்துக்கொண்டு போனேன். ரய்யான் நுண்ணுயிரியல் படித்தவன், இருபத்தெட்டு வயது. சுவருக்குள் குடியிருக்கும் பாசியையும் கிருமிகளையும் வளர்த்துக் கொடுத்தவன் அவன்தான். சுவரைத் தன் பிள்ளை என்று வெளியில் சொல்ல மாட்டான், ஆனால் நடந்துகொள்வதெல்லாம் அப்படித்தான்.

சி பிளாக் மூன்றாம் மாடியில் முதல் வீடு கனிஷ்காவுடையது. மீன் பண்ணையில் மீன் அறுக்கும் வேலை. முப்பத்தாறு வயது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேற்குச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு மஞ்சள் மெழுகியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்தில் குங்குமம். மேலே வேப்பிலைக் கொத்து. கீழே தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கனிஷ்கா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஏழு வயதுப் பெண் நிலானி, ஒரு கண்ணை மட்டும் மூடி, மறு கண்ணால் எங்களைப் பார்த்தாள்.

“இன்னா மேடம் அப்பிடிப் பாக்குறீங்கோ? உள்ள வாங்கோ, குந்துங்கோ,” என்றாள் கனிஷ்கா. “இது எங்க செவுத்தம்மா.”

“செவுத்தம்மாவா?”

“பின்ன? கொட்டாயில இருந்தப்போ இந்தப் புள்ளைக்கு வாரத்துக்கு ரெண்டு தபா வலிப்பு வரும், சூடு தாங்காம. எங்க வூட்டுக்காரரு அங்கதான் போய்ச் சேந்தாரு. மத்தியானம் தகரத்துக்குக் கீழ படுத்தவரு ஏந்திரிக்கவே இல்ல. இங்க வந்த மொத நாளு இந்தச் செவுத்துல முதுகு சாச்சுக் குந்தினேன் மேடம். அப்பிடியே அழுதுட்டேன். போன வருசம் கத்திரி பூரா இவளுக்கு ஒரு தபாகூட வலிப்பு வர்ல. இம்மாம் பெரிய ஒத்தாசைக்கு ஒரு மஞ்ச குங்குமம்கூட வெக்கலன்னா நாம இன்னா மனுசங்க?”

ரய்யான் சுவரைத் தடவிப் பார்த்தான். மஞ்சளின் ஓரத்தில் கருப்புப் படர்ந்திருந்தது.

“உள்ள இன்னா தம்பி கீது? மெய்யாலுமே உசுரு கீதா?” என்று கேட்டாள் அவள்.

“வெளிய சுண்ணாம்பும் மணலும். உள்ள பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு, அதுல பாசியும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் இருக்கு. விடியக்காலைல காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சு வெச்சுக்கும். வெயில் ஏறினா கொஞ்சம் கொஞ்சமா விடும். மண்பானையில தண்ணி ஜில்லுனு ஆகுதில்ல, அதே கதைதான். விரிசல் விட்டா தானே மூடிக்கும். பானை அதைச் செய்யாது. உசுருதான்க்கா.”

“நான் சொன்னேன்ல!” என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள் கனிஷ்கா. “உசுரு கீதாம்!”

எதிர்வீட்டு ஷாஹிதா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் வீட்டில் சாம்பிராணிப் புகை மண்டியது. “நாங்க கும்பிடல மேடம். ஆனா நல்லது செய்றதுக்குக் கொஞ்சம் வாசனையாவது காட்ட வேணாமா?” என்றாள். பக்கத்து வீட்டு அற்புதராஜ் சுவரை ஒட்டி வரிசையாக மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். ஒவ்வொரு சுடருக்கு மேலும் கரி ஒரு கோடு போல ஏறியிருந்தது. மூன்று மதமும் ஒற்றுமையாகச் சேர்ந்து என் சுவரை முடித்துக்கொண்டிருந்தன.

ரய்யான் ஐந்து வீட்டில் துளி துளியாகச் சுரண்டி எடுத்தான். சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் என் முன்னால் உட்கார்ந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

“மேம், மஞ்சள் புண்ணை எப்படி ஆத்துது? கிருமியக் கொன்னுதான ஆத்துது? நம்ம சுவர்ல இருக்கறதே கிருமிதானே. கற்பூரமும் கரியும் அது மூச்சு விடற துவாரத்தை அடைக்குது. புகையும் அப்படித்தான்.”

“இப்ப நிறுத்தினா?”

“செத்த இடம் செத்ததுதான். மிச்சம் பிழைக்கும். ஒரு வருஷத்துல சுத்தி வளந்து மூடிடும்.”

நல்ல சேதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு ஒதுக்கீட்டு விதிகளில் பத்தொன்பதாம் பிரிவு என்று ஒன்று உண்டு. ‘உயிர்ச்சுவருக்குச் சேதம் விளைவிக்கும் குடியிருப்பாளரின் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும். அவர் முகாமுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்.’ இதை எழுதியதும் நான்தான். ஏசி அறையில், காபி குடித்துக்கொண்டே எழுதினேன். எவனோ ஒரு குடிகாரன் சுவரை இடிப்பான் என்று நினைத்து எழுதினேன். கற்பூரத் தட்டோடு நிற்கும் ஒருத்தி என் கற்பனையில் வரவே இல்லை.

மறுநாள் ரய்யானோடு போய்க் கனிஷ்காவிடம் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நேராகவே சொல்லிவிட்டேன்.

மஞ்சள் ஏறியிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“நாந்தான் மேடம் மொதல்ல வெச்சேன். என்னப் பாத்துதான் எல்லாரும் வெச்சாங்கோ. அப்ப நாந்தான் கொன்னேனா?”

“உங்களுக்குத் தெரியாது கனிஷ்கா. நான் சொல்லியிருக்கணும்.”

“சரி, மஞ்ச ஆகாது, சூடம் ஆகாது, பொகை ஆகாது. அப்ப அதுக்கு இன்னாதான் ஆகும்?” அவள் குரலில் கோபம் ஏறியது. “எல்லாத்தையும் குடுக்குற மாரி செஞ்சு வெச்சிருக்கீங்கோ. வாங்கிக்கிறதுக்கு ஒரு கை வெச்சிருக்க வேணாமா? வாங்கிக்கவே தெரியாத ஒண்ணுகிட்ட நாங்க எப்பிடி மேடம் குந்திக்கினு இருக்குறது?”

முப்பது வருஷம் கட்டடம் கட்டியிருக்கிறேன். இயற்கையோடு இணைந்த கட்டடக்கலை என்று மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. இணைவது என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்க வேண்டும். நான் செய்து வைத்தது ஒரு வேலைக்காரியை. கூலி கேட்காத, சாப்பாடு கேட்காத வேலைக்காரி. அதற்குத்தான் பொன்னாடை வாங்கினேன். வெட்கமாக இருந்தது.

பதில் சொன்னது ரய்யான்தான்.

“மூச்சு ஆகும்க்கா.”

“இன்னாது?”

“நம்ம மூச்சுக் காத்துல ஈரம் இருக்கு. நாம வேணாம்னு வெளிய விடற காத்துதான் பாசிக்குச் சாப்பாடு. கிட்ட உக்காந்து பேசினாலே போதும், அதுக்கு நல்லது. உங்க வீட்டுச் சுவரப் பாருங்க, இவ்வளவு மஞ்சள் பூசியும் கட்டில் பக்கம் மட்டும் பச்சையா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் அங்கதானே தூங்கறீங்க?”

கனிஷ்கா எழுந்து போய், கட்டிலின் பக்கமாகச் சுவரில் முகத்தை வைத்தாள். வாய்க்குள் என்னவோ சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, “அத மொதல்லயே சொல்றதுக்கின்னா, பேசறதுக்கா எங்களுக்குச் சொல்லித் தரணும்?” என்றாள்.

அன்று சாயங்காலமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். நான் போய்ச் சொல்லியிருந்தால் நாற்பத்து மூன்றாவது பக்கம் என்று மடித்து வைத்திருப்பார்கள். அவள் சொன்னது எடுபட்டது. தட்டுகள் உள்ளே போயின. வேலை விட்டு வந்தவர்கள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அன்றைய சண்டை, மீன் விலை, மாமியார் புராணம் எல்லாவற்றையும் சுவரிடமே சொன்னார்கள். அற்புதராஜ் வீட்டில் சுவரைப் பார்த்து ஜெபம். ஷாஹிதா தன் மைத்துனனைத் திட்டுவதெல்லாம் அங்கேதான் நடந்தது. பத்து நாளில் கருப்பு ஒரு விரல்கூட மேலே ஏறவில்லை.

நான் அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘வடிவமைப்பாளரின் பிழை. குடியிருப்பவர்களின் பழக்கவழக்கத்தை அவர் விசாரிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆணையம் என் உரிமத்தை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் கோகுலகிருஷ்ணன் மறுபடியும் கூப்பிட்டார்.

“மேடம், பிழை உங்களுதுன்னு எழுதிட்டீங்க, சரி. சேதம் பண்ணின கை யாருது? பத்தொன்பதாம் பிரிவு இருக்கே. ஆரம்பிச்சவங்க பேர் இல்லாம இந்த ஃபைல மூட முடியாது. மூடலன்னா திங்கக்கிழம சுரண்டற ஆளுங்க வந்துடுவாங்க.”

“என் பேரப் போட்டுக்கோங்க.”

“நீங்க குடியிருப்பாளர் இல்லையே.”

பெயர் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ரய்யானுக்கு வாயில் எதுவும் நிற்காது. விஷயத்தைக் கனிஷ்காவிடம் உளறிவிட்டான். அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு முழுப் பக்கத் தாளில், ‘மஞ்சள் வைக்க ஆரம்பித்தது நான்தான். என்னை அனுப்புங்கள். செவுத்தம்மாவைச் சுரண்டாதீர்கள்’ என்று எழுதி ஆணையத்துக்கு அனுப்பிவிட்டாள்.

“பைத்தியமா உங்களுக்கு?” என்று போனில் கத்தினேன். “நிலானிய நினைச்சுப் பாத்தீங்களா? மறுபடி அந்தத் தகரத்துக்கா?”

“முந்நூறு வூட்ல முந்நூறு புள்ளைங்க கீது மேடம். செவுத்தம்மா ஒரு வருசம் என் புள்ளையக் காப்பாத்திச்சு. நான் இன்னா, கண்டுக்காம போறதா?”

திங்கட்கிழமை மத்தியானம், கத்திரியின் உச்சத்தில், கோகுலகிருஷ்ணன் உத்தரவை எடுத்துக்கொண்டு தானே வந்தார். நானும் ரய்யானும் முன்னமே அங்கே இருந்தோம். கனிஷ்கா இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தாள். நிலானி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அவரிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எதற்கும் வாய்ப்பே வரவில்லை. வெளியே நாற்பத்தேழு டிகிரி. லிஃப்டுக்குக் கரண்ட் இல்லை. மூன்று மாடி ஏறி வந்த மனிதர் வாசலிலேயே கண் இருட்டிச் சரிந்தார்.

கனிஷ்காதான் பிடித்தாள். அவரை இழுத்து வந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். சட்டை மேல் பட்டனைக் கழற்றிவிட்டாள். உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். “பயப்படாத சார். சாஞ்சுக்கோ. நல்லா முதுகு படுற மாரி சாஞ்சுக்கோ,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தன்னைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு அவர் கையில் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கால் மணி நேரத்தில் அவருக்கு நிறம் திரும்பியது. கண் திறந்து பார்த்தார். பின்னால் கை வைத்துச் சுவரைத் தொட்டார். அந்தக் குளிர்ச்சியை அவர் ஃபைலில் படித்திருக்கிறார், அன்றைக்குத்தான் முதுகில் வாங்கினார். மெதுவாக எழுந்து நின்றார். இடது கையில் உத்தரவு கசங்கியிருந்தது. வலது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விபூதி. மூன்று விரலால் தொட்டு, “முருகா” என்று நெற்றியில் இழுத்துக்கொண்டார். செத்துப் பிழைத்தவர் வேறு என்ன செய்வார்? ஆனால் விரலில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை என்ன செய்வது? நம் ஊரில் எந்தக் கோயில் தூணைப் பார்த்தாலும் தெரியும். கை தானாகப் போய்விட்டது.

சுவரில் பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடுகள்.

அவர் சுவரைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அப்புறம் உத்தரவைப் பார்த்தார்.

“அய்யோ,” என்றார். “நான்… ஏதோ பழக்கத்துல… நான் அறிக்கையப் படிச்சிருக்கேன் மேடம், ரெண்டு தடவை படிச்சிருக்கேன்…”

கனிஷ்கா ஈரத்துணியோடு வந்து மூன்று கோட்டையும் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாள். கிட்டப் போய் அந்த இடத்தில் மெதுவாக ஊதினாள்.

“வுடு சார், பரவால்ல. நன்றியிலதான வெச்ச? தெரியாம வர்றதுதான்.”

அவள் குத்திக் காட்டவில்லை. பக்கத்தில் நின்று கேட்டவள் சொல்கிறேன், அந்தக் குரலில் துளி கேலி இல்லை. கடவுள், கிடவுள் என்று நான் எதையும் கும்பிட்டவள் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும், அந்த மனிதரின் மூன்று விரலுக்கும் சேர்த்து, மனசார நன்றி சொன்னேன்.

கோகுலகிருஷ்ணன் உத்தரவை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நிலானியைப் பார்த்து, “மூட்டையப் பிரிச்சுடச் சொல்லும்மா அம்மாவ,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், அந்தப் பத்தொன்பதாம் பிரிவ எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“அடிச்சிடுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன். மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“எனக்குத்தான் உரிமம் இல்லையே.”

“எழுதறதுக்குத்தான் உரிமம் வேணும். அடிக்கறதுக்கு வேணாம். பேனா இருக்கா?”

ரய்யான் பேனாவை நீட்டினான். கனிஷ்கா மூட்டையின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் பையிலிருந்த விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பத்தொன்பதாம் பிரிவைத் தேடி எடுத்தேன். வைத்து எழுத அந்த வீட்டில் மேசை இல்லை. புத்தகத்தை அப்படியே சுவரில் அழுத்தி வைத்து, பேனாவை ஓங்கினேன்.

“மேடம்!” என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து அடித்தேன்.